கசூரினா, சாட்டி, கீரிமலை, தொண்டைமானாறு: குளிக்கிற தண்ணியை எப்பிடிச் சோதிக்கிறது?

கரைவலை எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து இளைஞர் கொஞ்சப்பேர் சேர்ந்து கசூரினா, சாட்டிக் கடற்கரைகள், கடலோரத்துக் கீரிமலை ஊற்றுக் கேணி, தொண்டைமானாறு ஆத்துவாய் எண்டு நாலு இடத்திலும் தண்ணியைக் கிழமைக்கொருக்காச் சோதிக்க யோசிக்கிறம். கையில இருக்கிறது பீஎச் மீற்றர் ஒண்டு, சின்ன மின்கடத்துதிறன் மீற்றர் ஒண்டு, கிணத்துத் தண்ணிக்கு விக்கிற, கறுத்தால் கூடாது எண்டு சொல்லுற ஹைதரசன் சல்பைட்டுப் போத்தல் ஒரு பெட்டி. இதுகளை வைச்சு "இண்டைக்குக் குளிக்கலாம்" எண்டு சொல்ல ஏலுமோ? எந்தக் கிருமியைப் பார்க்கோணும், எத்தினை இருந்தால் கூடாது? தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

நுண்ணுயிர் எழுதியது:

ஏலாது தம்பி. முதலில் அந்தக் கறுக்கிற போத்தலை ஒதுக்கி வையுங்கள். கடல்நீரில் சல்பேற்று நிறைய இருக்கிறது. பரவைக்கடலின் (ஆழமில்லாத நீரேரியின்) கறுத்த சேற்றில் வாழும் பக்டீரியாக்கள் அதைச் சல்பைட்டாக்கிக்கொண்டே இருக்கும். மலம் ஒரு துளியும் கலக்காவிட்டாலும் போத்தல் கறுக்கும். பீஎச் கடலில் எந்நேரமும் 8ஐ ஒட்டித்தான் நிற்கும், வயிற்றோட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மின்கடத்துதிறன் மீற்றரை எறிந்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

கடலுக்குப் பார்க்கவேண்டியது குடல்சார் என்ரரோகொக்கஸ், மலத்தோடு வரும் ஒரு பக்டீரியா. ஈ.கோலியும் அப்படி ஒரு குடல் பக்டீரியாதான், ஆனால் உப்பிலும் வெயிலிலும் கெதியாகச் செத்துவிடும். நோய் தரும் வைரசுகள் அதைவிட நீண்டநேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஈ.கோலி குறைவு என்பதை நம்பிக் கடலில் இறங்க முடியாது. கீரிமலைக் கேணி போன்ற நன்னீருக்கு ஈ.கோலி போதும், இரண்டையும் பார்த்தால் இன்னும் நல்லது.

எல்லை எண்கள்: அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் 2012 அளவுகோலில் ஒன்று, 100 மில்லிலீற்றரில் என்ரரோகொக்கஸின் பெருக்கற் சராசரி (எண்களைக் கூட்டாமல் பெருக்கி, மூலம் எடுப்பது) 35ஐத் தாண்டக்கூடாது, பத்து மாதிரியில் ஒன்றுக்கு மேல் 130ஐத் தாண்டக்கூடாது. நன்னீரில் ஈ.கோலிக்கு அதே முறையில் 126, 410. உலக சுகாதார நிறுவனம் வேறு விதமாகப் பார்க்கிறது. நூறு மாதிரி எடுத்தால் 95 மாதிரி எந்த எண்ணுக்குள் அடங்குகிறது என்று கேட்கிறது. 100 மில்லிலீற்றரில் என்ரரோகொக்கஸ் 40க்குள் என்றால் முதல் தரம், 200 வரை இரண்டாம் தரம், 500 வரை மூன்றாம் தரம். 500க்கு மேல் போனால், குளிக்கிற பத்துப்பேரில் ஒருவருக்கு மேல் வயிற்றுக் குழப்பம் வரக்கூடிய தண்ணீர்.

சோளகம் எழுதியது:

ஆய்வுகூடத்துக்குக் காசு கட்ட முதல் கரையை நடந்து பாருங்கோ. மலம் எங்கையிருந்து வருது எண்டு தெரியாமல் போத்தல் நிரப்பினால் எண் கிடைக்கும், விடை கிடைக்காது. யாழ்ப்பாணத்தில வீட்டுக்கு வீடு குழிதான். கடற்கரைச் சாப்பாட்டுக்கடை, பொதுக் கழிப்பறை எல்லாத்துக்கும் மணலுக்குள்ள வெட்டின குழி. கார்த்திகை, மார்கழியில நிலத்தடித் தண்ணி மேலே வந்து குழியின்ர அடியைத் தொடும். அதுக்குப் பிறகு அது குழியில்லை, கடலுக்குப் போற வாய்க்கால்.

பாக்கவேண்டியது: ஒவ்வொரு கழிப்பறைக் குழியும் அலைவிளிம்பில இருந்து எத்தினை மீற்றர், கலி பவுசர் (குழியை உறிஞ்சி எடுக்கிற வண்டி) கடைசியா எப்ப வந்தது, மழைத்தண்ணி வாய்க்கால் எந்த இடத்தில கடலில விழுது, மாடு படுக்கிற இடம், நாய்க்கூட்டம், சாதாழை (கரையொதுங்கிற கடற்புல், பாசி) குவிஞ்சு அழுகிற இடம். இதையெல்லாம் ஒரு படத்தில குறியுங்கோ. மாரியில ஒருக்கா, கோடையில ஒருக்காத் திருப்பி நடக்கோணும், இரண்டும் வேற வேற கரை மாதிரித்தான் இருக்கும்.

இங்கைதான் மின்கடத்துதிறன் மீற்றர் உதவும். வத்து நேரத்தில அலைவிளிம்பு வழியா 50 மீற்றருக்கு ஒருக்கா மணலில ஒரு சாண் தோண்டி, ஊறிவாற தண்ணியை அளவுங்கோ. கடல்தண்ணி எண்டால் சென்ரிமீற்றருக்கு 50,000 மைக்ரோசீமன்ஸ் அளவில நிக்கும். ஒரு இடத்தில திடீரெண்டு பாதியா விழுந்தால் அதுக்குள்ளால நிலத்தடி நன்னீர் கடலுக்கு வருது. உங்கட மாதிரி எடுக்கிற முதல் இடம் அதுதான். ஒண்டு கவனம்: மலிவான மீற்றர் கனக்க 20,000 உடன நிண்டுவிடும். ஒரு பங்கு கடல்தண்ணிக்கு நாலு பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி விட்டு அளந்து ஐந்தால பெருக்குங்கோ. கணக்கு நூல் பிடிச்சமாதிரி வராது, ஆனால் இடத்துக்கு இடம் ஒப்பிட அது காணும். குழாய்த் தண்ணியோ கிணத்துத் தண்ணியோ விட்டுக் கலக்காதேங்கோ, எங்கட கிணத்துத் தண்ணியில இருக்கிற உப்பே கணக்கைக் குழப்பிப்போடும்.

கரைவலை எழுதியது:

நன்றி சோளகம் அண்ணை. மாதிரி எடுக்கிற முறையைச் சொல்லுங்கோ நுண்ணுயிர் ஐயா. போத்தலைக் கழுவிப்போட்டு நிரப்பினால் போதுமோ?

நுண்ணுயிர் எழுதியது:

கழுவக்கூடாது. கிருமி நீக்கிய போத்தலை அப்படியே நிரப்பவேண்டும். 250 மில்லிலீற்றருக்குக் குறையாத, அகன்ற வாய்ப் போத்தல். கண்ணாடி, அல்லது சூடு தாங்கும் பொலிபுரொப்பிலீன். ஆய்வுகூடமே கிருமி நீக்கித் தந்தால் நல்லது. இல்லாவிட்டால் 15 இறாத்தல் அமுக்கத்துக்கு வரும் குக்கரில், மூடியைச் சற்றுத் தளர்த்தி, மேலே உள்ள எடை ஆடத் தொடங்கிய பிறகு 20 நிமிடம் வையுங்கள். ஆறியபின் மூடியை இறுக்கி, மேலே அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

பெயர், இடம், நேரம் எல்லாவற்றையும் தண்ணீரில் இறங்க முன்னரே எழுதி ஒட்டவேண்டும். ஈரப் போத்தலில் ஒன்றும் ஒட்டாது. இடுப்பளவு, ஏறத்தாழ 1 மீற்றர் ஆழத்துக்குப் போய், நீரோட்டத்துக்கு முகம் காட்டி நில்லுங்கள். கால் கிளப்பிய மணல் விலகும்வரை காத்திருங்கள், இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். மூடியைக் கழற்றி, உட்பக்கம் கீழே பார்க்கும்படி கையிலேயே பிடித்திருங்கள். போத்தலின் அடியைப் பிடித்து, வாய் கீழ்நோக்கி இருக்க 30 சென்ரிமீற்றர் இறக்குங்கள், முழங்கை நனையும். அங்கே வாயை நீரோட்டப் பக்கம் திருப்பி, உடம்பிலிருந்து விலகும் திசையில் ஒரே இழுப்பில் நிரப்புங்கள். மேற்பரப்புப் படலம் உள்ளே போகக்கூடாது. ஆய்வுகூடத்தில் குலுக்க வேண்டும், ஆகவே இரண்டு விரற்கடை வெற்றிடம் விடுங்கள்.

பிறகு ரெஜிபோம் பெட்டி. ஒவ்வொரு போத்தலையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, உறைந்த ஜெல் பொதிகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். உருகிய ஐஸ் தண்ணீரில் போத்தல் மிதந்தால் மூடி வழியாக உள்ளே போகும். வெயில் படக்கூடாது. எடுத்ததிலிருந்து 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் இருக்கவேண்டும். 24 மணித்தியாலம் வரை ஏற்கிற நியமங்களும் உண்டு, ஆனால் எங்கள் வெக்கைக்கு 6ஐத் தாண்டவேண்டாம்.

பத்துப் போத்தலுக்கு ஒன்று வெற்றுப் போத்தலாக இருக்கட்டும். கிருமி நீக்கிய தண்ணீரைக் கொண்டுபோய், கரையில் திறந்து ஊற்றி, மற்றவற்றோடு சேர்த்துக் கொடுங்கள். அதில் ஏதாவது முளைத்தால் பிழை கடலில் இல்லை, உங்கள் கையில். இன்னொன்று இரட்டை மாதிரி, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில். இரண்டும் இரண்டு மூன்று மடங்கு வேறுபட்டாலும் பயப்படவேண்டாம், நுண்ணுயிர் எண்ணிக்கை அப்படித்தான். பத்து மடங்கு என்றால் எங்கோ தவறு.

பரவைக்கடல் எழுதியது:

நுண்ணுயிர் சொன்ன 1 மீற்றர் ஆழத்தைக் கசூரினாவுக்கு அப்படியே எடுக்கக்கூடாது. அங்கே தரை அவ்வளவு மெதுவாகச் சரிகிறது, இடுப்பளவுக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்! பிள்ளைகள் விளையாடுவதும் தண்ணீரை வாய்க்குள் எடுப்பதும் முழங்கால் அளவில். அங்கேதான் எண் கூட. கலங்கிய மணலும் கரையிலிருந்து ஊறுவதும் முதலில் அங்கேதான் சேரும். இடுப்பளவில் ஒன்று, முழங்கால் அளவில் ஒன்று, இரண்டையும் தனித்தனியே பதியுங்கள். ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் பிள்ளைகளுக்கான ஆபத்து மறைந்துபோகும்.

நேரம் இன்னும் முக்கியம். தெளிந்த தண்ணீரில் உச்சி வெயில் சில மணித்தியாலத்திலேயே பெரும்பகுதிக் கிருமியைக் கொன்றுவிடும். காலை 7 மணிக்கு எடுத்த மாதிரியும் பிற்பகல் 2 மணிக்கு எடுத்ததும் ஒரே கடலின் இரண்டு முகம். எப்போதும் காலை 7 முதல் 8க்குள், குளிக்கிறவர்கள் வர முன்னர் எடுங்கள். ஒருநாள் காலையிலும் ஒருநாள் மாலையிலும் எடுத்தால் ஏறியதா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

சாதாழைக் குவியலைப் பற்றி: ஈரமான நிழலில் என்ரரோகொக்கஸ் கிழமைக்கணக்கில் உயிரோடு இருக்கும், அலை வந்து கழுவும்போது தண்ணீருக்கு வரும். குவியலில் இருந்து 20 மீற்றராவது தள்ளி எடுங்கள், குவியல் இருந்ததைப் பதிவில் எழுதுங்கள். கூடவே காற்று வாடையா (வடக்கிலிருந்து) சோளகமா (தெற்கிலிருந்து), கடல் ஏற்றா வற்றா, கடந்த மூன்று நாளில் மழை, தண்ணீரில் எத்தனை பேர், கரையில் எத்தனை மாடு. இந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்து 600 என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் விளங்காது.

கேணியடி எழுதியது:

கீரிமலைக்கு என்ன செய்யலாம்? ஆடி அமாவாசைக்கு அவ்வளவு சனம் இறங்குது. பிளீச்சிங் பவுடர் போட்டால் என்ன?

நுண்ணுயிர் எழுதியது:

போடவேண்டாம். கேணி நீச்சல் தடாகம் இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே ஊற்று உள்ளே வர, மேலதிகம் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. போடும் குளோரீன் அந்தத் தண்ணீரோடே கடலுக்குப் போகும். நிற்கிற கொஞ்சமும் வியர்வை, எண்ணெய், பாசி இவற்றோடு கலந்து தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்லும் அளவு நிலைத்து நிற்கவேண்டும் என்றால் கண்ணும் தோலும் எரியும்.

கேணியில் கேள்வி இரண்டு. ஊற்று வரும்போதே அழுக்கா, குளிப்பவர்களால் அழுக்காகிறதா? ஊற்று வாயருகே ஒன்று, கடலுக்கு வெளியேறும் இடத்தில் ஒன்று எடுங்கள். விடியற்காலை ஒருதடவை, சனம் நிறைந்த நேரம் ஒருதடவை, சனம் போய் மறுநாள் விடிய ஒருதடவை. விடிய ஊற்று வாயிலேயே எண் கூட என்றால் நிலத்தடியில் பிரச்சினை. சுண்ணக்கல் மணல் மாதிரி வடிகட்டாது, எங்கோ ஒரு குழியில் விழுந்தது வெடிப்பு வழியாக வந்து சேரும். விடிய நல்லது, சனத்தோடு ஏறி மறுநாள் இறங்குகிறது என்றால் குளிப்பவர்கள்தான் காரணம். அதற்கு மருந்து இறங்க முன் உடம்பு கழுவ ஒரு குழாய், ஒரே நேரத்தில் இறங்குவோர் தொகைக்கு ஒரு கட்டுப்பாடு, வயிற்றோட்டம் உள்ள பிள்ளையை இறக்காமை. எல்லா இடத்திலும் எண்ணை எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை. குளிக்கும் கூட்டம் இருக்கும் சிறிய கேணியில் இதைச் சோதனை இல்லாமலே செய்யலாம்.

சோளகம் எழுதியது:

எண் வாறது நாளைக்கு. குளிக்கிறது இண்டைக்கு. அதுக்குத்தான் மழை விதி. ஒரு நல்ல மழை பெய்தால் வாய்க்கால் விழுகிற இடம், ஆத்துவாய், பரவைக்கடல் கரை எல்லாத்திலையும் 72 மணித்தியாலம் இறங்கவேண்டாம். திறந்த கடற்கரைக்கு 48. மழைமானி ஒண்டு வைச்சு எழுதுங்கோ. உங்கட கரையில எத்தினை மில்லிமீற்றருக்கு மேல எண் ஏறுது எண்டதை இரண்டு மாரிப் பதிவு காட்டும். அதுக்குப் பிறகு விதியை உங்கட எண்ணுக்கு ஏத்தமாதிரி இறுக்கலாம், தளத்தலாம்.

எல்லாத்திலையும் மோசமானது ஐப்பசியில வாற முதல் மழை. கோடை முழுக்க வாய்க்காலில தேங்கினது ஒரே தரமாக் கடலுக்குப் போகும். மழைத்துளி நிண்டு வானம் வெளிச்சதும் சனம் கடலுக்குப் போகும், அந்த நேரம்தான் எண் உச்சத்தில நிக்கும்.

தொண்டைமானாறு தனிக்கணக்கு. தடுப்பணைக் கதவு திறந்தால் நீரேரித் தண்ணி மொத்தமாக் கடலுக்கு வரும். கதவு திறந்த நாளையும் மூடின நாளையும் பதிவில எழுதாட்டில் உங்கட எண்ணுக்குக் காரணம் கண்டுபிடிக்கவே ஏலாது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில ஆவணித் திருவிழாக்கு ஆத்தில இறங்கிற சனத்துக்காக, கொடியேற ஒரு கிழமைக்கு முதலே இரண்டு மாதிரி எடுத்திடுங்கோ.

தண்ணி கலங்கியிருந்தால் எண்ணைப் பாக்காமலே "வேண்டாம்" சொல்லலாம். முழங்கால் அளவில நிண்டு பாதம் தெரியாட்டில் கிருமிக்கு வெயில் படாது, தாழுகிற பிள்ளையும் கரையில நிக்கிறவைக்குத் தெரியாது.

மருந்துப்பெட்டி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. என்ரரோகொக்கஸ் எண் வயிற்று நோயைத்தான் காட்டும். எலிக்காய்ச்சலைக் காட்டாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியதை எல்லோரும் அறிவோம். வெள்ளம் நின்ற குளம், வாய்க்கால், வயல் தண்ணீரில் காலில் கீறலோடு இறங்கவேண்டாம், சோதனை எண் நல்லதாக இருந்தாலும். இறங்கியபின் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இளஞ்சூடான உவர்நீரில் விப்ரியோ என்ற, புண் வழியாகத் தொற்றும் பக்டீரியா இருக்கும், அது மலத்தோடு வருவதில்லை. நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர் புண்ணோடு பரவைக்கடலில் இறங்கக்கூடாது. குளத்துத் தண்ணீர் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் கிடந்தால் அது நச்சுப் பாசியாக இருக்கலாம், மாட்டைக்கூட விடாதீர்கள்.

அலைகரை எழுதியது:

நுண்ணுயிரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். வெப்ப நாட்டு மண்ணில் என்ரரோகொக்கஸ் மலம் இல்லாமலே வாழும், பெருகும். ஹவாயில் இதனாலேயே குளொஸ்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்ற இன்னொரு மலப் பக்டீரியாவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மழைக்குப் பிறகு 400 வந்தால் அது கழிவா, வெறும் மண்ணா? "கழிவு" என்று அறிவித்துவிட்டுப் பிறகு மண் என்று தெரிந்தால் அடுத்த தடவை யாரும் நம்பமாட்டார்கள்.

நுண்ணுயிர் எழுதியது:

மண்ணில் வாழும் என்பதை ஏற்கிறேன். அதற்காக எண்ணைத் தள்ளிவிட முடியாது, மழையோடு மண் மட்டும் வருவதில்லை. இரண்டையும் பிரிக்க மலிவான வழி ஒன்று உண்டு. சலவைத்தூளில் வெண்மையாக்கும் பொருள் இருக்கிறது, அது ஊதாக்கதிரில் நீலமாக ஒளிரும். வெளுக்காத பஞ்சை வலைப்பையில் கட்டி, வாய்க்கால் விழும் இடத்தில் 5 நாள் வையுங்கள். எடுத்து மெதுவாக அலசி, இருட்டில் உலர்த்தி, 365 நனோமீற்றர் விளக்கில் பாருங்கள். ஒளிர்ந்தால் வீட்டுக் கழிவுநீர் வருகிறது, மண் ஒளிராது. கடைப் பஞ்சு பல வெளுத்தது, தானாகவே ஒளிரும். வைக்க முன்னர் விளக்கில் பார்த்துவிடுங்கள். நோட்டுப் பார்க்கிற மலிவு விளக்கு 395 நனோமீற்றர், அதன் ஊதா வெளிச்சமே கண்ணைக் குழப்பும், வாங்கவேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட கழிப்பறையில் சந்தேகம் என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு புளோரெசின் சாயம் கரைத்து ஊற்றலாம். கடலில் வெயில் அதை அழித்துவிடும். ஆகவே கடலைப் பார்க்காமல், அலைவிளிம்பில் தோண்டிய குழியைக் காலையும் மாலையும் பாருங்கள்.

கரைவலை எழுதியது:

ஆய்வுகூடத்தில என்ன கேக்கோணும்? குடிதண்ணிச் சோதனை எண்டால் "உண்டு, இல்லை" எண்டுதான் எழுதித் தருவினமாம்.

நுண்ணுயிர் எழுதியது:

அந்த அறிக்கை உங்களுக்கு உதவாது. கடலில் எப்போதும் "உண்டு" தான் வரும். எண்ணிக்கை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வடிமென்சவ்வு முறை (தண்ணீரை மென்சவ்வில் வடித்து, பிடிபட்ட கிருமியை வளர்த்து எண்ணுவது) என்றால் 0.45 மைக்ரோமீற்றர் துளை, எம்ஈஐ ஏகார் என்ற வளர்ப்பு ஊடகம், 41 பாகை செல்சியஸ், 24 மணித்தியாலம். நீல வளையம் உள்ள புள்ளிகளை எண்ணுவார்கள். 41 என்றால் அரைப் பாகைக்கு மேல் ஆடக்கூடாது. மின்சாரம் போனால் இதுதான் முதலில் கெடும், ஆகவே தண்ணீர்த் தொட்டி வகைச் சூடாக்கி உள்ள இடத்தைத் தேடுங்கள். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி சரிவராது. 100, 10, 1 மில்லிலீற்றர் மூன்றும் வடிக்கச் சொல்லுங்கள். 100 மட்டும் வடித்தால் மழை நாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து "எண்ண முடியவில்லை" என்று வரும், எண் வேண்டிய அந்த நாளிலேயே எண் இராது. 20க்கும் 60க்கும் இடையில் புள்ளி உள்ள தட்டைத்தான் எண்ணவேண்டும்.

என்ரரோலேட் என்ற தயாரான சோதனைப் பொதியைப் பாவித்தால் கடல்நீரை 10 பங்கில் ஒன்றாக ஐதாக்கவேண்டும், 10 மில்லிலீற்றர் மாதிரிக்கு 90 கிருமி நீக்கிய வடிநீர். அறிக்கையில் 10ஆல் பெருக்கியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பரவைக்கடல் எழுதியது:

கணக்குப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்து கிழமையில் 12, 30, 25, 600, 18 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கற் சராசரி ஏறத்தாழ 40. 35ஐக் கொஞ்சம்தான் தாண்டியது, பரவாயில்லை என்று தோன்றும். அதே ஐந்தின் மடக்கைச் சராசரியோடு நியமவிலகலின் 1.65 மடங்கைக் கூட்டி 95 வீத எல்லையைக் கணித்தால் 500ஐத் தாண்டுகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் கடைசித் தரம். அந்த 600 மழைக்கு அடுத்த நாள் வந்தது. சராசரிக்குள் அதை மறைத்தால் கரை நல்ல கரையாகிவிடும். ஐந்து மாதிரியை வைத்துத் தரம் பிரிக்கவும் கூடாது, ஐரோப்பிய விதியில் குறைந்தது 16 வேண்டும். அதுவரை ஒவ்வொரு எண்ணையும் அதன் மழைக் குறிப்போடு வெளியிடுங்கள். "கண்டறியப்படவில்லை" என்று வந்ததைப் பூச்சியமாக எழுதாதீர்கள், பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. கண்டறியும் எல்லையின் பாதியை இடுங்கள்.

அலைகரை எழுதியது:

அறிவிப்புப் பலகை யார் வைப்பது? இளைஞர்கள் "பாதுகாப்பானது" என்று எழுதக்கூடாது. எண்ணைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பிரதேச சபைக்கும் கொடுங்கள், மூடுவதும் திறப்பதும் அவர்கள் கையில். பலகையில் மாதிரி எடுத்த திகதியும் நேரமும் பெரிதாக இருக்கட்டும். போன மாத எண்ணைத் தாங்கிய பலகை பலகையே இல்லாததைவிடக் கேடு. தென்பகுதியிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், சிங்களத்திலும் வேண்டும். வாசகம் நேராக இருக்கட்டும்: "மழை பெய்து மூன்று நாள் ஆகவில்லை. குளிக்கவேண்டாம்." வாய்க்கால் விழும் இடத்துக்கு இரு பக்கமும் 50 மீற்றரில் நிரந்தரப் பலகை ஒவ்வொன்று, அதற்கு எந்த எண்ணும் வேண்டாம்.

கரைவலை எழுதியது:

அப்ப சனி, ஞாயிறு காலமை எடுத்தால் நல்லதோ? அந்த நாளிலதானே சனம் கூட.

நுண்ணுயிர் எழுதியது:

சனிக்கிழமை எடுத்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் வாங்க ஆய்வுகூடத்தில் ஆள் இருக்காது. வாங்கினாலும் 24 மணித்தியாலத்தில் தட்டை எண்ண ஞாயிறு ஒருவரும் வரமாட்டார். வியாழன் காலை எடுங்கள். வெள்ளி காலை எண் வரும், வார இறுதிக்கு முன் பலகையை மாற்றலாம். வெள்ளி போயா (பூரணை விடுமுறை) என்றால் புதனுக்கு மாற்றுங்கள், வியாழன் போயா என்றால் செவ்வாய்க்கு. வியாழன் பின்னேரமோ வெள்ளியோ மழை வந்தால் அந்த எண் செல்லாது, பலகையில் மழை வாசகத்தைத் தொங்கவிடுங்கள். ஆடி அமாவாசைக்கு மட்டும் ஆய்வுகூடத்தோடு ஒரு மாதத்துக்கு முன்னரே கதைத்து, அமாவாசை விடிய, உச்சி, மறுநாள் விடிய மூன்று தடவைக்கும் ஆளை ஒழுங்குபண்ணுங்கள். கீரிமலையில் ஆண்கள் கேணி, பெண்கள் கேணி இரண்டிலும் ஊற்று வாய், வெளியேறும் வாய் என்று நான்கு இடம், மூன்று தடவை, அதோடு வெற்றுப் போத்தல் இரண்டு. மொத்தம் 14 போத்தல்.